ஹெட்லைட் அகலத்தில் பார்த்த ஊர்கள்

மைசூர் அரண்மனையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி இரண்டரை மணிக்கு, அதன் மதில்சுவரை, ஓடுகிற வேனிலிருந்து, நான்கு விநாடி. "தோ, அதான் அரமன. நல்லா பாத்துக்கோ" என்றார் அப்பா. கண்ணைக் கசக்கித் திறப்பதற்குள் பெட்ரோல் பங்க் வந்துவிட்டது. பெட்ரோல் பங்க்கை நிதானமாகப் பார்த்தோம், டீசல் போட வேண்டியிருந்ததால்.

திருப்பதி, கொச்சி, ஹைதராபாத் எல்லாம் இதே லட்சணம்தான். நான்கு மாநிலம் சுற்றியவள் நான். கல்லூரி விடுதியில் யாராவது ஒரு ஊர் பெயரைச் சொன்னால் உடனே "போயிருக்கேன்" என்பேன். எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்கக் கூடாது. இருட்டாக இருக்கும்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்ராயன் மலைக்குப் போகிற கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கிறது. அப்பாவுக்குக் கரும்பு, நெல், இரண்டு மாடு, ஒரு வேன். முகூர்த்த மாதங்களில் வேன் கல்யாணங்களுக்குப் போகும். காலாண்டு லீவு, அரையாண்டு லீவு வந்தால் எங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு அப்பாவே ஓட்டுவார். ராத்திரி சாப்பிட்டதும் கிளம்புவது, விடிந்ததும் நிறுத்துவது. இதில் மாற்றமே கிடையாது.

"பகல்ல டயர் சூடாவும். எதுர்க்க லாரி ஜாஸ்தி. ராத்திரின்னா மொத்த ரோடும் நம்முது" என்பார்.

உண்மையான காரணம் எனக்குத் தெரியும். பகலில் போனால் நாங்கள் ஜன்னல் வழியாக எதையாவது பார்த்துவிட்டு "நிறுத்துங்க" என்போம். இருட்டில் அந்தத் தொல்லை இல்லை.

விடிந்ததும் என்ன நடக்கும்? அப்பா ஏதாவது ஒரு மர நிழலில் வேனை ஒதுக்கிவிட்டுப் பின்சீட்டில் குறட்டை விடுவார். அம்மா மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கி, வீட்டிலிருந்து மூட்டை கட்டி வந்த அரிசியில் சோறு வடிப்பாள். ஹோட்டல் சாப்பாடு அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது. மைசூருக்குப் போய் அம்மா செய்தது மிளகு ரசம். கொச்சிக்குப் போய்க் கத்திரிக்காய்க் காரக்குழம்பு. சாயங்காலம் அப்பா எழுந்து முகம் கழுவும்போது, பார்க்க வேண்டிய இடங்களையெல்லாம் பூட்டிக்கொண்டிருப்பார்கள்.

ராத்திரியில் அம்மாவின் வேலை இன்னும் பெரியது. முன்சீட்டில் உட்கார்ந்து, அப்பா தூங்கிவிடாமல் பேசிக்கொண்டே வர வேண்டும். ஊர்ச் சண்டை, கல்யாணப் பேச்சு, யார் வீட்டு மாடு கன்று போட்டது எல்லாம் சேலம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். கண் சொருகுகிற மூன்று மணிக்கென்று ஒரு சரக்கைப் பத்திரமாக வைத்திருப்பாள். அது, தியாகதுருகத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை. "உங்க அக்கா எங்கல்யாணத்துல இன்னா சொன்னாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தால் போதும். அப்பாவுக்கு அடுத்த நூறு கிலோமீட்டருக்குத் தூக்கம் அண்டாது.

ஆக, ராத்திரியில் அம்மாவுக்குத் தூங்கவும் கிடையாது, பகலில் பார்க்கவும் கிடையாது. இதற்குப் பெயர் குடும்பச் சுற்றுலா.

அந்த வருஷம் அப்பா வெளிநாடு என்றார். கள்ளக்குறிச்சி உரக்கடைக்காரர் ஒருவர் நேபாளம் போய் மடக்குக் குடையும் டேப்ரிக்கார்டரும் வாங்கி வந்திருந்தார். பாஸ்போர்ட் வேண்டாம், விமானம் வேண்டாம், ரோட்டிலேயே போய்விடலாம் என்று யாரோ அப்பாவிடம் சொல்லித் தொலைத்திருக்கிறார்கள். மறுநாளே டீக்கடையில் "பாரின் போறோம், நம்ம வேன்லயே" என்று அறிவித்தாயிற்று.

அம்மா எழுந்தாள். அடுப்படிக்குப் போய் ஒரு பழைய காலண்டர் அட்டையைக் கழற்றி எடுத்து வந்தாள். தேதித்தாள் கிழிந்து தீர்ந்து பல வருஷமாகியும் அதை அவள் எறியவில்லை. காரணம் அதிலிருந்த படம். நீல வானம், அடியில் வெள்ளை வெளேரென்று ஐஸ் மூடிய ஒரு மலை.

"இந்த மல அங்கதான இருக்குது?"

"ஆமா."

"இத நான் பகல்ல பாக்கணும்."

"பாக்கலாம், பாக்கலாம்."

"பாக்கலாம்னு சொல்லாதீங்க. காட்டறேன்னு சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மோட்டுவளையைப் பார்த்தேன். "சரி, காட்டறேன்" என்றார்.

எனக்கு விவரம் தெரிந்து அம்மா வாய் திறந்து கேட்டது அது ஒன்றைத்தான். குளிர்காலத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்பளித் துணி விற்க வருகிறவர்களை ஊரே நேபாளிகள் என்றுதான் சொல்லும். அவர்களிடம் ஒரு மெரூன் ஸ்வெட்டர் வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த ஸ்வெட்டராவது ஒரு தடவை சொந்த ஊருக்குப் போய் வரட்டும் என்று நான் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

லீவு வந்தது. கூடவே போராட்டமும் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் கூட்டம், என் கல்லூரி காலவரையில்லாமல் மூடல். கோரிக்கையில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. என்னோடு பத்தாவது எழுதியவர்களில் கல்லூரி வாசலை மிதித்தவர்களை எண்ண ஒரு கை போதும், அதிலும் விரல் மிச்சமிருக்கும். ஒரு வாரம் எல்லா ரோட்டையும் மறிப்பது என்று முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் முன்னால் நின்றவர் மாமா, அம்மாவின் தம்பி. ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கிற எங்கள் வீட்டுப் பெரிய ரம்பத்தையும் வடக்கயிற்றையும் கேட்டார். அப்பா கொடுத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. ஆலோசனையும் கொடுத்தார்.

"திங்கக்கெழம விடிஞ்சதும் மரத்த சாய்க்கலாம்னு இருக்கறோம் மாமா."

"விடிஞ்சா? வெட்டறதுக்குள்ள போலீசு வந்து நிப்பான். பகல்ல செய்யற வேலையாடா இது? மொத நாள் ராத்திரியே வெட்டிப் போட்டுடு. காலைல மொத பஸ்ஸே நவுராது."

"அதுவும் சரிதான் மாமா."

"ராத்திரின்னா ரோடு நம்முது மச்சான்."

இதைச் சொன்ன அதே வாயால், அதே திண்டில் சாய்ந்துகொண்டு, எங்கள் பயணத் திட்டத்தையும் சொன்னார். மறியல் திங்கட்கிழமை. நாம் ஞாயிறு ராத்திரி கிளம்பிவிடுவோம். விடிவதற்குள் திருவண்ணாமலை, வேலூர் எல்லாம் தாண்டிவிடலாம். அதன்பிறகு எவன் எந்த ரோட்டை மறித்தால் என்ன. மேதைகள் இப்படித்தான். இந்தக் காதில் போட்ட திட்டம் அந்தக் காதில் போட்ட திட்டத்தோடு பேசிக்கொள்ளவே இல்லை.

அடுத்து பஞ்சாங்கம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம், பயணம் ஆகாது. பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா? முடியாது. இதற்கெல்லாம் எங்களிடம் வழி இருக்கிறது. பரஸ்தானம். நல்ல நாளில் நம் சாமான் ஒன்றைப் போகிற வழியில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால் அன்றைக்கே நாம் கிளம்பிவிட்டதாக அர்த்தம். பிறகு எந்த நாளில் போனாலும் அதை எடுத்துக்கொண்டு மேலே போகலாம். எடுக்காமல் வீடு திரும்புவது மட்டும் கூடாது.

அப்படியாக வெள்ளிக்கிழமை அம்மாவின் பை, ஸ்வெட்டரும் நான்கு புடவையும் அடங்கியது, தியாகதுருகத்து அத்தை வீட்டுக்குப் போனது. சாஸ்திரப்படி அம்மா அன்றே நேபாளம் கிளம்பிவிட்டாள். உடம்பு மட்டும் வீட்டில் உட்கார்ந்து இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தது.

"எம்பைய அங்கதான் வெக்கணுமா? உள்ள இன்னா இருக்குதுன்னு எடுத்து எடுத்துப் பாப்பாங்க" என்றாள் அம்மா.

"எங்க அக்காவப் பத்தி இப்ப பகல்லயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார் அப்பா.

ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு வேனுக்கு மாலை போட்டார்கள். டயருக்கு எலுமிச்சம்பழம். தெருவே வந்து நின்றது. மாட்டைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணி, "எனுக்கு ஒரு மடக்குக் கொட" என்று கத்தினாள். கையாட்டினோம். வெளிநாட்டுப் பயணம் தொடங்கியது.

நாற்பது நிமிஷத்தில் முடிந்தது.

கள்ளக்குறிச்சியைத் தாண்டித் தியாகதுருகம் ரோட்டில் ஒரு வளைவு. ஹெட்லைட்டில் ரோட்டுக்குப் பதிலாக இலை தெரிந்தது. ஒரு முழுப் புளியமரம் குறுக்கே படுத்திருந்தது. "வண்டிய திருப்பு! வழி கெடையாது!" என்று டார்ச் வெளிச்சங்கள் ஓடி வந்தன. ஒரு டார்ச் அப்பாவின் முகத்தில் நின்றது.

"மாமா! நீங்களா?"

"நாந்தான்டா. நவுத்துடா இத."

"புளியமரம் மாமா. நவுத்தறதுக்கு இன்னா வாழமட்டையா?"

"ராத்திரின்னா பன்னெண்டு மணிக்கு மேலன்னு அர்த்தம்டா! ஒம்பதரைக்கேவா வெட்டுவ?"

"நீங்கதான மாமா சொன்னீங்க, ராத்திரின்னா ரோடு நம்முதுன்னு."

பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. மரத்தின் அடியில் எங்கள் ரம்பம் பாதி மாட்டிக்கொண்டு நின்றது. ரோட்டை மறித்தது எங்கள் வீட்டு ரம்பம், மறிக்கப்பட்டது எங்கள் வீட்டு வேன். வெளியாள் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அம்மா வேனிலிருந்து இறங்கினாள். "தம்பி, எம்பை அந்தப் பக்கம் இருக்குது."

"எந்தப் பை அக்கா?"

"பரஸ்தானப் பை. உங்க மாமாவோட அக்கா வூட்டுல."

"அக்கா, இதுக்கப்பால இன்னும் நாலு மரம் கெடக்குது. நாங்க படிக்கறதுக்கு எடம் கேட்டு நிக்கறோம், நீ பை கேட்டு நிக்கற."

"நான் ஏறி அந்தப் பக்கம் குதிச்சி நடந்து போய் எடுத்தாரேன்" என்று அம்மா நிஜமாகவே ஒரு கிளையில் கால் வைத்தாள்.

"ஏய், எறங்கு! ராத்திரில பொம்பள தனியா நடந்து போறதா?" என்று அப்பா கத்தினார்.

"வருஷா வருஷம் ராத்திரி பூரா முழிச்சிக்கினு வரல? இன்னிக்கி நடந்துக்கினே முழிச்சிக்கினு இருக்கறேன்."

மாமா அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். சின்னசேலம் ரோடும் விழுந்துவிட்டது, சங்கராபுரம் ரோடும் விழுந்துவிட்டது என்றார். "மல ரோடு ஒண்ணுதான் பாக்கி. அங்க கை வெச்சா ஃபாரஸ்ட்காரன் புடிச்சிக்குவான். பேசாம வூட்டுக்குப் போங்க மாமா."

வீட்டுக்கு எப்படிப் போவது? பை எடுக்காமல் திரும்பக் கூடாது என்பது ஒன்று. மாலை இன்னும் வாடவில்லை என்பது இன்னொன்று. "ரெண்டு மணி நேரத்துல திரும்பிப் போய் நின்னா டீக்கட பக்கம் தல காட்ட முடியுமா?" என்றார் அப்பா. மாமா சொன்னதை நம்பாமல் சின்னசேலம் ரோட்டுக்கும் போய், அங்கே கிடந்த மரத்தையும் சொந்தக் கண்ணால் பார்த்துவிட்டு, முடிவெடுத்தார். மலை மேலே தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். ரோடு திறக்கிறவரை அங்கே இருந்துவிட்டு, அப்படியே தியாகதுருகம், அப்படியே நேபாளம்.

மலைக்குப் போகிற ரோடு எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஊர் நெருங்கியதும் அப்பா ஹெட்லைட்டை அணைத்தார். ராத்திரி ஒன்றரை மணிக்கு, திருடர்களைப் போல வேனை உருட்டிக்கொண்டு எங்கள் வீட்டைக் கடந்தோம். எங்கள் நாய்க்கு வேனின் சத்தம் தெரியும். சந்தோஷமாகக் குரைத்துக்கொண்டு ஊர் எல்லை வரை ஓடி வந்தது. நான் இருட்டில் பார்த்த முக்கியமான இடங்களின் பட்டியலில் எங்கள் வீடும் சேர்ந்தது.

கோமுகி அணை தாண்டி வேன் மலை ஏறியது. வளைவுக்கு வளைவு அம்மா பேசினாள். "இந்நேரம் உங்க அக்கா என் ஸ்வெட்டர போட்டுக்கினு கண்ணாடி முன்னாடி நிப்பாங்க." அப்பாவுக்கு அன்று கொட்டாவிகூட வரவில்லை.

வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால் விடிந்தது. அப்பாவுக்குத் தெரிந்தவர் சாமையும் கேழ்வரகும் போடுகிறவர், சந்தைக்கு இறங்கினால் எங்கள் கொட்டகையில் தங்குகிறவர். வேனையும் மாலையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, நேபாளம் போறதா சொன்னாங்க?"

"போய்க்கினுதான் இருக்கறோம்."

"இந்த வழியாவா?"

ஐந்து நாள் இருந்தோம். அந்த வீட்டில் எங்களுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. தேன், களி, சாமைச் சோறு. அப்பா மட்டும் பழக்கத்தை விடவில்லை. பகல் முழுக்கத் தூக்கம். ராத்திரி முழுக்க, நிற்கிற வேனில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து ரேடியோ. இரண்டாம் நாள் காலையில் அம்மாவைச் சரிவு ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டினார்.

"பாரு. மல. பகல். போதுமா?"

மலை அழகாகத்தான் இருந்தது. எங்கள் மொட்டைமாடியிலிருந்து தினமும் பார்க்கிற அதே மலை, கிட்டத்தில்.

"இது அது இல்ல" என்றாள் அம்மா.

"மலைன்னா மலதான?"

"நீங்க காட்டறேன்னு சொன்னது இது இல்ல." திரும்பி வந்து, அந்த வீட்டு அம்மாவிடமிருந்து துடுப்பை வாங்கிக் களியைக் கிண்ட ஆரம்பித்தாள். அப்பா போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆறாம் நாள், ரோடெல்லாம் திறந்தாயிற்று என்று செய்தி வந்தது. அப்பா டீசல் முள்ளைப் பார்த்தார், கரும்பை நினைத்தார், வேனை இறக்கத்தில் விட்டார். இப்போது பரஸ்தானப் பை எடுக்காமல் திரும்பலாமா என்று நான் கேட்டதற்கு, சாஸ்திரம் மலைப் பாதைக்குப் பொருந்தாது என்றார். வழியில் எங்களுக்கு ஒரு பாடமும் நடத்தினார். "எவன் கேட்டாலும் நேபாள பார்டர் வரிக்கும் போனோம், அங்கியும் கலாட்டா, திருப்பி அனுப்பிட்டான்னு சொல்லணும். புரியுதா?" பின்சீட்டில் மலைக்காரர் ஏற்றிவிட்ட சாமை மூட்டையும் ஒரு கூடை கடுக்காயும் குலுங்கின.

வேன் நின்றதும் முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு அண்ணி. "இன்னாக்கா, ஐஸ் மல பாத்தியா?"

தெரு காத்திருந்தது. அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார்.

"இல்ல. வெள்ளிமலைல களி கிண்டிக்கினு இருந்தேன்" என்றாள் அம்மா, ஸ்டவ்வை இறக்கிக்கொண்டே.

அன்றிலிருந்து டீக்கடையில் அப்பாவுக்குப் பெயர் நேபாளத்தார்.

மறுநாள் மத்தியானம் பஸ் ஏறி அம்மாவே தியாகதுருகம் போனாள். நானும் போனேன். அத்தை பையைக் கொடுத்தார். ஸ்வெட்டரில் சாணி வாசம். "காலைல பால் ஊத்தப் போவும்போது போட்டுக்கினேன். சும்மா கெடந்தா பூச்சி அரிச்சிடும்ல" என்று அத்தை நல்லெண்ணத்தோடு சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரைத் துவைத்துக் காயவைத்து, மறுபடி பையில் வைத்து, பையைப் பரண்மேல் ஏற்றினாள்.

"புடவையெல்லாம் வெளிய எடுக்கலியாம்மா?"

"கெளம்பின பைடி அது. எதுக்குப் பிரிக்கணும்?"

அதன்பிறகு அப்பா லீவுக்கு லீவு கோவா என்றார், பம்பாய் என்றார். "எனக்கு வேல இருக்குது, நீங்க போங்க" என்று அம்மா சொல்லிவிடுவாள். முன்சீட்டில் பேச ஆள் இல்லாமல் அப்பாவால் உளுந்தூர்ப்பேட்டைகூடத் தாண்ட முடியாது. வேன் கல்யாணங்களுக்கு மட்டும் போய் வந்தது. இடையில் கேட்ட ஒதுக்கீடு கிடைத்தது, எனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. தான் வெட்டிய மரத்தின் பலன் அது என்று மாமா போகிற இடமெல்லாம் சொல்கிறார். எங்கள் ரம்பம், என்று நான் திருத்துவேன். அதில் இரண்டு பல்லை உடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தார்.

போன மாதம், கோயிலில் கூடுகிற பொம்பளைகள் சேர்ந்து காசி, நேபாளம் போகிற பஸ்ஸில் இடம் போட்டார்கள். அம்மா யாரையும் கேட்கவில்லை. சாப்பாடு போடும்போது செய்தியாகச் சொன்னாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"அன்னிக்கி உனக்குச் சந்திராஷ்டமம்."

"தெரியும். பாத்துட்டன்."

"வடக்க பஸ்ஸ எரிக்கறானுங்க, பேப்பர் படிச்சியா?"

படித்துத்தான் இருந்தாள். இப்போது அங்கே இட ஒதுக்கீட்டுப் போராட்டம், கொடுக்காதே என்று. அன்றைக்கு வந்து கூடவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா தலையை நிமிர்த்தி, "நாங்களாவது வேணும்னு மறிச்சோம்க்கா. அவனுங்க வேணாம்னு மறிக்கறானுங்க" என்றார்.

"வேணும்னு மறிச்சா இன்னா, வேணாம்னு மறிச்சா இன்னா, நிக்கறது எம்பைதான்" என்றாள் அம்மா. மாமா மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"ராத்திரில போற வண்டியா பாத்துப் போ. அதான் பத்திரம்" என்றார் அப்பா, கடைசி அஸ்திரமாக.

"இது பகல்லதான் ஓடுமாம். ராத்திரி மடத்துல படுத்துக்கலாமாம். அதுக்குத்தான் இதுல போறேன்."

"டிரைவர் தூங்கிட்டான்னா?"

"அவன் பொண்டாட்டி வந்து பேசட்டும்."

சந்திராஷ்டமத்தன்று காலை எட்டு மணிக்கு, அந்தப் பையைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டித் தூக்கிக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டு வரை வேனில் கொண்டுவிடுவதாக அப்பா சொன்னார். டவுன் பஸ் வந்துவிட்டது, அவள் ஏறிவிட்டாள்.

நேற்று ஒரு கார்டு வந்தது, நேபாளத்து ஸ்டாம்ப். அம்மாவின் ஐந்தாம் வகுப்பு எழுத்து. "வழியில் ரெண்டு இடத்தில் மறியல். ஒரு நாள் லேட். ஐஸ் மலை பார்த்தேன். காலை பத்து மணி. நல்ல வெயில். மாட்டுக்கு நேரத்துக்குத் தண்ணி காட்டவும்."

இப்போது மணி பத்து. அப்பா கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார்.